கனெக்‌ஷன் அவர் பேரில்

எங்கள் ஆபீஸ் கேரம் கிளப்புக்கு மேல் மாடி.
கீழே ஸ்ட்ரைக்கர் அடிக்கும்போதெல்லாம்
மேலே மானிட்டர் லேசாக நடுங்கும்.
காலடிப்பேட்டையின் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள்
அந்த நடுக்கத்துக்குள் இருக்கின்றன.

நான் ஒயர் இழுக்கிறவன்.
மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாண்டி
உப்புக்காற்று அரித்த கிளாம்பை மாற்றி
எலி கடித்த இடத்தை வெட்டி ஒட்டி
கம்பெனிப் பெட்டியை ஆணியில் மாட்டி
பாஸ்வேர்டு கேட்டால்
"உங்க போன் நம்பர்தான் சார்"
என்று சொல்லிவிட்டு இறங்குகிறவன்.

டிஸ்க் நிரம்பிவிட்டது, பழையதை எடுத்து வை என்றார் ஓனர்.
அன்றுதான் முதலில் படித்தேன்.
பேசியது தெரியாது, பார்த்தது தெரியாது,
அதெல்லாம் ஒட்டின கவர்.
ஆனால் ஒவ்வொரு கவரையும் எங்கே சேர்ப்பதென்று
பெட்டி எங்களிடம்தானே வழி கேட்கிறது.
கேட்டதெல்லாம் வரிவரியாக,
மணி நிமிடம் நொடியோடு.

சம்பளத் தேதியில் ரம்மிக்குள் இறங்கும் வீடு.
மூன்று நாளாகப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு
வழி கேட்கும் வீடு.
காலையில் டீக்கடையில் அந்த வீட்டுக்காரர்
"இன்னா ஜீவரத்தினம், ஸ்பீடு கம்மியாக்கீது" என்பார்.
நான் அவர் தொண்டையைப் பார்ப்பேன்.

0417.
பகலில் அந்த வீடு கிரிக்கெட்.
ராத்திரி இரண்டு மணிக்கு மேல்
மகளிர் உதவி மையம்.
ரயில் டிக்கெட்.
கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதி.
மறுபடி உதவி மையம்.
ஒரு பதினொரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு பால் கணக்கு ஆப்.
இவ்வளவு தெரிந்த எனக்கு
அவள் பேர் தெரியாது.
கனெக்‌ஷன் அவர் பேரில்.

அவரே வந்தார், கன்டெய்னர் யார்டு அடையாள அட்டை கழுத்தில் ஆட.
"காசு கட்டுறது நானு.
என் வூட்ல என்னா பாக்குறாங்கன்னு
எனக்குத் தெரியணும்ல? ஒரு பிரின்ட்டு போட்டுக் குடு."
கீழே யாரோ ரெட்டைப் போட்டுவிட்டார்கள், ஒரே விசில்.
"அதெல்லாம் எங்களுக்கு வராது சார்."
சொல்லும்போது கர்சர்
அந்த வரியின் மேல்தான் மினுக்கிக்கொண்டிருந்தது.
"ராவெல்லாம் லைட்டு மின்னுதே?"
"அப்டேட் ஓடும் சார். பெட்டி அதுவா பேசிக்கும்."

மறுநாள் அவர் டூட்டி நேரம் பார்த்து
சிக்னல் கம்மி என்று போனேன்.
மணலி வாடைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.
ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள்.
பாஸ்வேர்டை மாற்றினேன்,
வழி கேட்கும் இடத்தை மாற்றினேன்.
"இனிமே இது எங்ககிட்ட கேக்காது.
வேற எடத்துல, கவர ஒட்டிக் கேக்கும்.
முழுசா மறையாதும்மா.
மேல வெலாசம் கொஞ்சம் தெரியும்.
வழி சொல்றவனுக்கும் தெரியும்.
அவன் இந்தத் தெருவுல இல்ல, அவ்ளோதான்.
போன்ல இருக்கறத நீங்கதான் அழிக்கணும்."

நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் போல.
"நீங்க எவ்ளோ நாளா பாக்குறீங்க?" என்றாள்.

ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை.
இறங்கும்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் திறந்து பார்த்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.
இரண்டு மணி. 0417.
எத்தனை எம்பி போனது, எத்தனை வந்தது, எண்கள் மட்டும்.
சாத்தின கதவுக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள்,
குரல் உண்டு, சொல் இல்லை.
ஒருநாள் கூட்டிப் பார்த்தேன் அந்த எண்களை.
எதற்கென்று தெரியவில்லை.
அப்புறம் விட்டுவிட்டேன்.

மாசி மாதம் ஒரு காலை
ஷட்டர் கொக்கியில் ஒரு அரிசிப் பை தொங்கியது.
உள்ளே எங்கள் பெட்டி, தூசு துடைத்து.
அடாப்டர் ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட்.
"யார்னு பாக்கல ஜீவா, ஆட்டத்துல இருந்தோம்"
என்றார்கள் கிளப் பையன்கள்.
இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
0417. பெட்டி வந்தது. பாக்கி இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.